தொண்ணூற்றிரண்டு கிலோ

மருந்துக்கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படகைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். இன்று செவ்வாய். விற்கப்போகிற மாட்டுக்குக் கொம்பு சீவுகிற கதையாக, அவள் காலையிலிருந்து படகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஆத்திரம்தான் வந்தது.

இருபத்தெட்டு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் இரண்டுதான்: அடுப்புக்கு முன்னால் ஒன்று, வெளியே ஏறும் படிக்குக் கீழே ஒன்று. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடவேண்டுமென்றால் ஒருவர் சமைத்துக்கொண்டே போடவேண்டும், மற்றவர் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர் மாதிரி நின்று போடவேண்டும். மூன்று வருடமாக அதுதான் அவர்கள் வீடு.

‘தரைத்தளம்’ என்று பெயர் வைத்தது அவர். முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். “வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து எல்லாரும் மேல போகணும் மேல போகணும்னுதான் நச்சரிச்சாங்க. போதும். இனிமே நமக்குத் தரைத்தளம்” என்று சொல்லி, ஓய்வு பெற்ற மாதத்தில் இந்தப் பழைய படகை வாங்கி, பின்புறத்தில் தானே தூரிகை பிடித்து எழுதினார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது சற்று ஒடுங்கிப்போய் நிற்கும்.

அவள் முப்பத்தொரு வருடம் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன ஒரு பிற்பகலில், தள்ளுவண்டியில் நோயாளியோடு உள்ளே மாட்டிக்கொண்டவள் அவள். மேலேயிருந்து கதவைப் பிளந்து, “சிஸ்டர், பயப்படாதீங்க” என்று தலையை நீட்டியவர் இவர். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகியும் அந்த ‘சிஸ்டர்’ மாறவில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் ஜனங்கள் இவர்களை அண்ணன் தங்கை என்று நினைத்துக்கொள்வதும், பிறகு ஒரே போர்வை காயப்போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்புவதும் வாடிக்கை.

கரையை ஒட்டிப் படகோட்டுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். மதியத்துக்கு மேல் திரும்பிவிடும். அதற்குள் பத்துப் பதினைந்து மைல் போய், ஏதாவது ஒரு வளைகுடாவிலோ ஆற்று வாயிலோ நங்கூரம் போட்டுவிட வேண்டும். நங்கூரம் அவளுடையது, எஞ்சின் அவருடையது. பாய் இருவருக்கும் பொது. ஆகவே தகராறெல்லாம் பாயைப் பற்றித்தான். பிடித்த இடத்தில் ஒரு வாரம் இருப்பார்கள். எண்பது லிட்டர் தண்ணீர் தீர்ந்ததும் கிளம்புவார்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில், அடுத்தவர்களுடைய மணி அழைப்புக்கு ஓடியே ஆயுளைக் கழித்தவள், அறுபத்திரண்டு வயதில்தான் முதல்முறையாகப் பசித்தபோது சாப்பிட்டாள், தூக்கம் வந்தபோது தூங்கினாள். அந்த வாழ்க்கையைத்தான் சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து தட்டிப் பார்த்து வாங்கிப்போக இருந்தார்.

எல்லாம் ஏழு வாரத்துக்கு முன்னால் நடந்த ஒரு கூத்தால் வந்தது.

பழுதுபார்க்கிற பொருளைப் பூட்டிவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே கையை வைக்கவேண்டும் என்பது லிஃப்ட்காரர்களின் பால பாடம். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் குழிக்குள் இறங்கினால், மேலே எவனாவது அதைத் தட்டிவிட்டதும் கீழே இருக்கிறவன் கூழாகிவிடுவான். அந்தப் பழக்கம் அவர் ரத்தத்தில் ஊறியது. படகில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பதென்றாலும் முதலில் ஒரு பூட்டைத் தேடுவார்.

அன்று படகின் பின்னால் தொங்குகிற ஏணியின் கீல் ஆட்டம் கண்டிருந்தது. கடலில் குளித்துவிட்டு ஏறுவதற்கு இருப்பது அந்த ஒரே ஏணி. கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது, நங்கூரம் போட்டிருந்தார்கள். அவள் தெரியாமல் கால் வைத்துவிடக் கூடாது என்று ஏணியை மேலே மடக்கி, சங்கிலி சுற்றி, பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்து மரையைத் திருகினார். மரை வரவில்லை. இன்னும் எக்கித் திருகினார். மரை சட்டென்று வந்தது. அவரும் கூடவே போனார்.

“ஏணியை இறக்கு!” என்று தண்ணீரிலிருந்து கத்தினார்.

“பூட்டியிருக்கே! சாவி எங்க?”

“என் பையில!”

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவரும் சிரித்துக்கொண்டே பையைத் துழாவி எடுத்து, எட்டி நீட்டினார். ஈர விரலுக்கும் ஈரமில்லாத விரலுக்கும் நடுவே சாவி நழுவிற்று. ஏழு ஆள் ஆழம். தண்ணீர் தெளிவாக இருந்ததால் அது மினுங்கிக்கொண்டே போவதை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் உயரம் மூன்றரை அடிதான். ஆனால் அவருக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ, தேய்ந்துபோன முழங்கால். அவளுக்கு ஐம்பத்துநான்கு. கையைப் பிடித்து இழுத்தாள். கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றி, பாய் ஏற்றுகிற வின்ச் என்கிற கைச்சுழல் உருளையில் கட்டிச் சுழற்றினாள். ஒரு சாண் எழும்பியதும் கயிறு மேலே நழுவி அவர் கழுத்தில் ஏறியது. பயந்து விட்டுவிட்டாள். சம்மட்டியால் பூட்டை அடித்தாள். பார்த்துப் பார்த்து அவர் வாங்கின பூட்டு, அவ்வளவு லேசில் உடைந்துவிடுமா? நாற்பது நிமிடம் ஆயிற்று. பேச்சு நின்று, உதடு நீலமானபோது, வலை போட்டுத் திரும்பிய ஒரு மீன்பிடிப் படகு அவள் அலறலைக் கேட்டு வந்தது. மூன்று பேர் சேர்ந்து அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். “ஐயா, இந்த எடைக்கு ஒரு மீன் கிடைச்சிருந்தா வாரம் பூரா லீவு போட்டிருப்போம்” என்றான் ஒருவன், அவர் கண் திறந்த பிறகு.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விலா எலும்பில் அடி, நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர். மகள் ஓடி வந்தாள். ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற அதிகாரி அவள். பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து நாளெல்லாம் ஜனங்களைப் பாஸும் ஃபெயிலும் ஆக்குவதுதான் வேலை. கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு கேள்விம்மா. அப்பா மறுபடி விழுந்தா உன்னால தூக்க முடியுமா?”

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவளுக்கு அந்தப் படகு வாழ்க்கை மிஞ்சியிருக்கும். “முடியாது” என்றாள்.

“அவ்வளவுதான்.”

“வித்துடலாம்” என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டே. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறாமல் கிடந்தது. மறுத்துப் பேச வாயும் இல்லை. முப்பத்தொரு வருடம் மனுஷ உடம்புகளைக் கையாண்டவள், தன் புருஷனுடைய உடம்பை மூன்றரை அடி தூக்க முடியாமல் மேலே நின்று அழுதாளே, அவளுக்கு என்ன வாய்?

பிறகு மூன்று நாள் கரையோரமாக ஓட்டிவந்து இந்தத் துறையில் கட்டினார்கள். காற்று இதமாக இருந்தது, பாய் நிறைந்து நின்றது, தகராறே வரவில்லை. அதுவே மோசமான அறிகுறி.

செவ்வாய் மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் உள்ளே பலகைக் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர் படுத்திருந்த விரிப்பு வேண்டும், துவைக்கவேண்டும். எழுப்பினால் ஏன், எதற்கு என்று நாலு கேள்வி வரும். விரிப்பின் இந்த ஓரத்தை உருவி, அவர் மேலாகப் போட்டு, அந்தப் பக்கம் நின்று ஒரு சுண்டு. உடம்பு தானாக ஒருக்களித்தது. அடியில் இருந்ததைச் சுருட்டித் தள்ளி, மறுபடி இந்தப் பக்கம் ஒரு சுண்டு. விரிப்பு கையோடு வந்துவிட்டது. குறட்டையில் ஒரு சின்னத் தடுமாற்றம், அவ்வளவுதான்.

விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வார்டில் புதிதாகச் சேருகிற பெண்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்: ‘தூக்காதே, உருட்டு. தூக்கினா உன் இடுப்பு போகும். உருட்டினா அவர் தானா வருவார்.’ நூற்றிருபது கிலோ ஆளைக்கூட இரண்டு சின்னப் பெண்கள் உருட்டி மெத்தை மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு மேலேயிருந்து பார்த்தபோது அவர் உடம்பு கண்ணில் படவில்லை, நீட்டிய இரண்டு கைகள்தான் பட்டன. கையைக் கண்டதும் இழுக்கத்தான் தோன்றிற்று.

“என்னங்க, எழுந்திருங்க. தண்ணில இறங்கணும்.”

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். “இப்பதானே குளிச்சேன்?”

“குளிக்க இல்ல. விழ.”

படகு மிதவைத் துறையில் கட்டியிருந்தது. ஒரு பக்கம் நடைபலகை, மறுபக்கம் வெறும் தண்ணீர். எட்டுகிற தூரத்தில் துறையின் இரும்பு ஏணி இருந்ததால் ஆபத்தில்லை. அவர் முனகிக்கொண்டே இறங்கினார். விரிப்பின் ஒரு நீள ஓரத்தைப் படகின் விளிம்பில் கட்டி, மறு ஓரத்தைக் கயிற்றில் கோத்து அவருக்கு அடியில் விடப் பார்த்தாள். விரிப்பு காற்றைக் குடித்து, பூரித்து, தண்ணீர்மேல் மிதந்தது. அவர் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, “தலையணை நல்லாருக்கு சிஸ்டர், படுக்கைதான் ஈரம்” என்றார்.

“சிரிங்க, சிரிங்க.”

“கணக்கு நான் எப்பவோ போட்டுட்டேன். நாலு கப்பி வேணும், அறுபதடி கயிறு வேணும். அதை ஆத்திர அவசரத்துல நீ கோக்க முடியாது. விடு.”

அவள் விடவில்லை. புதன்கிழமை முன்பெட்டியைக் குடைந்து கிழிந்துபோன பழைய முன்பாயை எடுத்தாள். முக்கோணத் துணி, தடிமன், தையல் கெட்டி. தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஈயக் குண்டுகள் வாங்கி வந்து, துணியின் நடுவில் வரிசையாகப் பை தைத்து உள்ளே போட்டாள். நீள ஓரத்தின் இரண்டு முனைகளையும் விளிம்பில் கட்டி, மூன்றாம் முனையைப் பாய் ஏற்றுகிற கயிற்றில் மாட்டினாள். வியாழக்கிழமை காலை தண்ணீரில் விட்டதும் துணி தூளி மாதிரி அமிழ்ந்து குழிந்தது. அவர் நீந்தி அதற்குள் வந்து, படகை ஒட்டி நீளமாகக் கிடந்தார். அவள் வின்ச்சைச் சுழற்றினாள்.

துணி இறுகியது. அவர் உடம்பு படகோடு ஒட்டி, புரண்டு, ஒரு சுற்று மேலே வந்தது. இன்னொரு சுற்று. கைப்பிடி கனத்தது, ஆனால் நகர்ந்தது.

“ஏய், நில்லு, நில்லு!” என்று துணிக்குள்ளிருந்து கத்தினார். அவள் பதறி நிறுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்ல, புரிஞ்சுடுச்சு. பாதி எடைதான் உன் கைக்கு வருது. கயித்தோட ஒரு முனை கட்டியிருக்கு, மறு முனையை நீ இழுக்குற, நடுவுல உருள்றது நான். நான்தான்டி கப்பி! முப்பத்துநாலு வருஷம் கப்பிக்கு எண்ணெய் விட்டேன், கடைசியில நானே கப்பியாயிட்டேன்.”

“கப்பி வாயை மூடுமா? கை நோகுது.”

மேலும் இரண்டு சுற்று. பிறகு விளிம்பு நெடுக ஓடுகிற பாதுகாப்புக் கம்பியில் அவர் தோள் இடித்தது. அதற்கு மேல் போகவில்லை. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே தொங்கினார்.

“ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பு.”

மெக்கானிக்கை மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டாள். அன்று சாயங்காலம் முழுக்க அவர் அந்தக் கம்பியோடு மல்லுக்கட்டி, ஒரு கொக்கியைத் தட்டினால் நடுப்பகுதி மட்டும் கழன்று விழுகிற மாதிரி செய்தார். ஆர்வமாகத்தான் செய்தார். ஆனால் மருந்துக்கடைக்காரரை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை; கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை காலை மகள், வருவதாகச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். பெற்றவர்களை மூட்டை கட்டிக் கூட்டிப்போக ஒரு வேனும் ஏற்பாடு செய்திருந்தாள். நடைபலகையில் வரும்போதே தண்ணீரில் அப்பாவின் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அப்பா! ஐயோ, அம்மா, பாத்துக்கிட்டு நிக்கிறியே!”

“கத்தாதே. ஒத்திகை நடக்குது” என்றார் தண்ணீரிலிருந்து. “வந்ததே வந்தே, மணி பாரு.”

மகளுக்குத் தொழில்புத்தி உடனே வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அம்மா கொக்கியைத் தட்டிக் கம்பியைக் கழற்றினாள். துணியை இறக்கினாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று வார்டில் சொல்கிற அதே குரலில் எண்ணிக்கொண்டு சுழற்றினாள். உருண்டார், உருண்டார், கம்பி இருந்த இடத்தைத் தாண்டினார், ஈர மூட்டையாக மேல்தளத்தில் வந்து விழுந்தார்.

“ஆறு நிமிஷம் பத்து செகண்ட்” என்றாள் மகள். அப்பாவைத் தலைமுதல் கால்வரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். “அப்பா மயக்கமா இருந்தா?”

“மயக்கமா இருக்கிறவங்களை உருட்டுறது இன்னும் சுலபம். கொக்கிக் கழியால துணிக்குள்ள தள்ளிக் கொண்டுவரணும், அது கஷ்டம்” என்றாள் அம்மா.

“அலை இருந்தா?”

“தெரியாது. இன்னும் பாக்கல.”

“படகு ஓடிட்டு இருக்கும்போது விழுந்தா?”

“விழக் கூடாது. இனிமே இடுப்புல பட்டி, பட்டியில கயிறு, கயிறு படகுல. கட்டிக்காம ரெண்டு பேரும் வெளிய வரக்கூடாது. காத்து பலமா இருக்கிற மாசத்துல துறையிலயே கட்டிப்போட்டுடுவோம். அதுக்கு மேல எது வந்தாலும், அது வீட்டுக் குளியலறையிலயும் வரும்.”

எல்லாம் தெரியும் என்கிறவனைத்தான் மகள் தேர்வில் முதலில் ஃபெயில் ஆக்குவாள். தெரியாது என்று சொல்கிறவனுக்கு இன்னொரு சுற்று ஓட்டக் கொடுப்பாள்.

“முழு லைசென்ஸ் இல்ல” என்றாள் கடைசியில். “பழகுறவங்களுக்குக் குடுக்குறது. ஆறு மாசம். தினமும் சாயங்காலம் எனக்கு போன் பண்ணணும்.”

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்:

“வேணாம். வித்துடலாம்.”



“மூணு நாளா உங்களைத் தண்ணில முக்கி எடுத்தேனே, அப்பல்லாம் வாயில என்ன வெச்சிருந்தீங்க?” என்றாள் அவள். “சொல்லுங்க. இவ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். உங்களுக்கு என்ன?”

“நீ மேலேர்ந்து பாத்த. நான் கீழேர்ந்து பாத்தேன்.”

“சாவு பயமா?”

“சாவா? உன் முகம்.” துண்டை மடியில் வைத்துக்கொண்டார். “நாப்பது நிமிஷம் வேற எதையும் பாக்கல. உன் முகத்தைத்தான் பாத்தேன். ஆயிரம் பேரைச் சாகக் கொடுத்தவ நீ, நிதானமா நிப்ப. அன்னைக்கு உன் முகம் அப்படி இல்ல. நான் போயிருந்தா, அந்த முகத்தோடதானே நீ மிச்ச காலத்தைக் கழிச்சிருப்ப? இன்னொரு தடவை அதை நான் உனக்குக் குடுக்க மாட்டேன். அதான் ஆஸ்பத்திரியில உன்கிட்ட கேக்கல. கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

ஏழு வாரமாக ஆறாமல் கிடந்த இடத்தில் யாரோ ஈரத்துணி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. கூடவே இன்னொன்றும் உறைத்தது. இத்தனை நாளாக மகளும் இவரும் டாக்டரும் துறை அலுவலகத்தில் இருக்கிறவரும், ஏன், அவளே கூட, அவர் விழுந்தால் என்ன என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“நான் விழுந்தா?” என்றாள்.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீயா?” என்றார் அவர். “ஐம்பத்துநாலு கிலோ. ஒரு கையால தூக்கிப் போட்டுடுவேன்.”

“ஓகோ.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். கழற்றியிருந்த கம்பியின் இடைவெளியில் உட்கார்ந்தாள். மகள் “அம்மா, என்ன பண்ற” என்று முடிப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. மேலே வந்து முகத்தை வழித்துக்கொண்டு பார்த்தபோது, மூன்று வருடம் குடித்தனம் நடத்திய படகை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சுவர். பிடிக்க ஒரு விரற்கடை இடம் இல்லை. கையை நீட்டினால் வழவழவென்று பாசி. மூன்றரை அடி என்று அளந்து சொன்னவர்கள் யாரும் இங்கிருந்து அளக்கவில்லை. இங்கிருந்து நாற்பது நிமிடமா என்று நினைத்தாள். சுவரின் உச்சியில் அவர் முகம் எட்டிப் பார்த்தது. பெரிய, ஈரமான, வாய் திறந்த முகம். கைகளை நீட்டினார்.

“பிடி, பிடிச்சுக்க!”

பிடித்தாள். இழுத்தார். அவள் மார்பளவு எழும்பினாள். அவர் முழங்கால் மடங்கிற்று. அவளுடைய தோள்பட்டையில் ஏதோ நரம்பு இழுத்தது. நழுவி மறுபடி தண்ணீருக்குள் போனாள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தன் முகமும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. இந்த முகத்துக்காக இவர் படகை என்ன, எதை வேண்டுமானாலும் விற்றிருப்பார்.

“தூக்காதீங்க!” என்று கத்தினாள். இருமல் வந்தது. “உருட்டுங்க!”

முகம் மறைந்தது. வெறும் சுவரும் வானமும். ஒரு கணம் வேறு கயிற்றைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது, பாய்மரத்தில் ஏதோ படபடத்தது. மகள் எதையோ சொல்லத் தொடங்கினாள், “நீ பேசாதே, எனக்குத் தெரியும்” என்று அவர் அதட்டினார். பிறகு ஈயக் குண்டுகள் சளப் சளப்பென்று அவளுக்கு இந்தப் பக்கம் விழுந்தன. துணி அமிழ்ந்தது. அவள் அதற்குள் நீந்தி வந்து, நோயாளிகளைக் கிடத்துகிற மாதிரியே கைகளை மார்பில் வைத்துக்கொண்டு நீளமாகக் கிடந்தாள்.

மேலே வின்ச் பற்சக்கரம் டக் டக்கென்று பேசத் தொடங்கியது.

“ஒண்ணு” என்றார். “ரெண்டு. மூணு.”

துணி முதுகை அணைத்துக்கொண்டது. வானம், சுவர், தண்ணீர், துணி, மறுபடியும் வானம். சுவர் பக்கத்தில் வர வரக் குட்டையாகிக்கொண்டே போயிற்று. எங்கேயும் வலிக்கவில்லை. இத்தனை வருடம் எத்தனை பேரை உருட்டியிருப்பாள், தன்னை ஒருவர் உருட்டுவது எப்படி இருக்குமென்று தெரிந்ததில்லை. கடைசிச் சுற்றில் மேல்தளத்தின் சூடான பலகை முதுகில் பட்டது.

அவர் வின்ச்சை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முகத்துக்கு ரத்தம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏழே கால் நிமிஷம்” என்றாள் மகள், யாரும் கேட்காமலே. “அப்பா முதல்ல வீணாக்கின நேரத்தையும் சேத்து.”

“கணக்குல அதையும் எழுதிக்க” என்றார் அவர். “சிஸ்டர், தோள் வலிக்குதா?”

“வலிக்குது. ஒரு கையால தூக்கினீங்களே, அதுல.”

அவர், கழற்றிய கம்பியின் இடைவெளி வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் கையை நீட்டினார். “போனைக் குடு. என்னோடது உள்ள இருக்கு.”

அவர் சொல்லச் சொல்ல, மருந்துக்கடைக்காரரின் எண்ணை மகளே போட்டுக் கொடுத்தாள். மணி அடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“வணக்கங்க, தரைத்தளத்துலேர்ந்து பேசறேன். ஆமா, படகுதான். நாளைக்கு நீங்க வரவேணாம்னு சொல்லத்தான். இல்லைங்க, வேற யாருக்கும் குடுக்கல. விக்கல, அவ்வளவுதான்.” அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். அவர் திரும்பி, துணியில் பாதி சுற்றிக்கொண்டு வெயிலில் மல்லாந்து கிடந்த பெண்டாட்டியைப் பார்த்தார். “வீட்டுலயா? கோபமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்காங்க. கொஞ்சம் ஈரமா இருக்காங்க, அவ்வளவுதான்.”